கம்பியில் ஓடிய ராட்டினம்

ஆடி பிறந்துவிட்டால் தி.நகர் உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் கால் வைக்க இடமிருக்காது. ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய கூட்டம் என்பதால் அதிலுள்ள புதிர் நம் கண்ணில் படுவதில்லை. ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள்; புதுமனை புகுவதும் அரிது. பட்டுப்புடவைக்கு இயல்பான தேவை ஆண்டிலேயே குறைந்து கிடக்கும் மாதம் அது. அப்படிப்பட்ட மாதத்தில் கடைக்காரர் செலவைச் சுருக்கிக்கொண்டு சும்மா இருப்பதுதானே நியாயம்? அவரோ விலையைக் குறைக்கிறார், பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிறார், வாசலில் பந்தல் போடுகிறார். காரணம், தீபாவளிக் கூட்டத்தைத் தாங்குவதற்காகக் கட்டிய நான்கு மாடி ஆடியிலும் நான்கு மாடியாகவே நிற்கிறது. வாடகை, வட்டி, ஆள் சம்பளம் எதுவும் பஞ்சாங்கம் பார்த்துக் குறைவதில்லை. எப்படியும் ஆகப்போகிற செலவுதான். அதற்கு மேல் விற்கும் ஒவ்வொரு புடவையிலும் கொள்முதல் விலை போகக் கையில் நிற்பது சிறு தொகையானாலும் லாபம். ஆடித் தள்ளுபடி வாங்குபவருக்குச் செய்யும் தயவென்று தோன்றலாம். கடைக்காரரின் கணக்கில் அது காலியாகக் கிடக்கும் மாடிகளுக்கு வேலை கொடுக்கும் வழி.

இதே கணக்குதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில் ஒரு விசித்திரமான தொழிலைப் பிறப்பித்தது. தெருவில் மின்சார டிராம் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே தோப்பும் ஏரியும் வாங்கி, அங்கே குடை ராட்டினம், நடன மண்டபம், படகுத்துறை என்று கட்டத் தொடங்கின. அவற்றுக்கு ‘டிராலி பார்க்’ என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் அப்படிப்பட்ட பூங்காக்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. இன்று ஒரு டஜன் அளவே மிஞ்சியிருக்கின்றன. ஆள் ஏற்றி இறக்குகிற கம்பெனிக்கு ராட்டினம் சுற்றுகிற வேலை எதற்கு? நமக்கு நெருக்கமான கேள்வி இன்னொன்றும் உண்டு. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே 7 அன்று மதராஸில் ஓடியது. அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றுக்கு முன்பே நமக்கு டிராம் வந்துவிட்டது. ஆனால் டிராம் கம்பெனி நடத்திய கேளிக்கைப் பூங்கா இங்கே எழவில்லை. இரண்டு கேள்விகளுக்கும் விடை மின்சாரத்தின் ஒரே குணத்தில் இருக்கிறது என்பது என் வாதம். பணம், பழக்கவழக்கம், வெயில் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

முதலில் டிராலி என்ற சொல். இன்று நமக்கு அது விமான நிலையத்தில் பெட்டி தள்ளும் வண்டி. அன்று அது உள்ளங்கையளவு வெண்கலச் சக்கரம் ஒன்றின் பெயர். டிராமின் கூரையிலிருந்து சாய்வாக ஒரு நீண்ட கழி எழும்பும். அதன் அடியில் உள்ள வில் அதை எப்போதும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். கழியின் நுனியில்தான் இந்தச் சக்கரம். அதன் விளிம்பில் நடுப்பள்ளம் உண்டு. கிணற்று ராட்டினத்தைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல் கற்பனை செய்துகொள்ளலாம். கிணற்றில் ராட்டினத்தின் பள்ளத்தில் கயிறு மேலே உட்கார்ந்து ஓடுகிறது, சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. இங்கே தெருவுக்கு மேல் கட்டிய செம்புக்கம்பி இருந்த இடத்திலேயே இருக்க, சக்கரம் கம்பியைக் கீழிருந்து தொட்டபடி உருண்டு ஓடுகிறது. மின்னோட்டம் கம்பியிலிருந்து சக்கரத்துக்கும், கழி வழியாக வண்டிக்கடியில் உள்ள மோட்டாருக்கும் இறங்கி, இரும்புச் சக்கரம் வழியே தண்டவாளத்தில் கலந்து மின்நிலையத்துக்கே திரும்பிப் போகிறது. கடைசி நிறுத்தத்தில் ஊழியர் இறங்கி, கழியின் நுனியில் கட்டிய கயிற்றைப் பிடித்து அதைக் கம்பியிலிருந்து விலக்கி, வண்டியைச் சுற்றி நடந்து மறுதிசைக்குத் திருப்பிவிடுவார். சக்கரம் கம்பியை மீண்டும் தொடும் கணத்தில் நீலப்பொறி ஒன்று பறக்கும். தமிழில் கிணற்றுச் சக்கரத்துக்கும் திருவிழாவில் சுற்றும் குடைக்கும் ராட்டினம் என்ற ஒரே சொல் அமைந்தது தற்செயல்தான். ஆனால் முதல் ராட்டினம் இரண்டாவது ராட்டினத்தைப் பெற்றெடுத்த கதைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் வேறெந்த மொழியில் கிடைக்கும் என்று தெரியவில்லை.

மதராஸ் டிராம் தொடங்கும்போது இந்தச் சக்கரம் இல்லை. துறைமுகத்தையும் ஊரின் உட்பகுதிகளையும் இணைத்து, ஆட்களோடு சரக்கையும் ஏற்றிச் சென்ற அந்த வண்டிக்குத் தரைக்கடியிலிருந்து மின்சாரம் வந்தது. தண்டவாளத்தை ஒட்டி நீளவாக்கில் ஒரு பிளவு, அதற்குக் கீழே ஒரு சால், சாலுக்குள் மின்கம்பி என்று அமைப்பு. தெரு அழகு கெடாது, தலைக்கு மேல் கம்பி தொங்காது என்பது அதன் வசதி. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் சென்னைத் தெருவில் பள்ளம் எதுவாயினும் என்ன ஆகும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாலில் நீர் புகுந்தது. பருவமழை அந்த முறையை அழித்தது. கம்பி மேலே ஏறியது. இது மதராஸின் தனிப்பட்ட துரதிர்ஷ்டமா, அந்த முறையின் பொதுவான பலவீனமா என்று சோதிக்க வழி உண்டு. இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிளாக்பூலில் 1885 இல் இதே நிலத்தடி முறையில் டிராம் தொடங்கினார்கள். அங்கே கடல்நீரும் மணலும் சாலுக்குள் புகுந்தன. 1899 இல் அவர்களும் மேல்கம்பிக்கு மாறினார்கள். வேறு மழை, வேறு மண், வேறு கம்பெனி, ஆனால் முடிவு ஒன்று. எனவே குற்றம் முறையில்தான் என்று துணிந்து சொல்லலாம். இடையில் 1888 இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்ப்ரேக் என்ற பொறியாளர் மேல்கம்பியும் உருளும் சக்கரமும் கொண்ட முழு நகர டிராமை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியிருந்தார். அதைப் பார்த்துச் சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான ஊர்கள் குதிரை டிராமைக் கைவிட்டன.

குதிரையை விட்டதில்தான் சிக்கல் பிறந்தது. மயிலாப்பூர் மாடவீதிப் பூக்காரி காலையில் முழம் இன்ன விலை என்பார். இரவு எட்டரைக்கு அதே மல்லிகை பாதி விலைக்குப் போகும். காலை வரை வைத்திருந்தால் வாடிவிடும். ஆனாலும் மல்லிகைக்கு ஒரு பகல் ஆயுள் உண்டு. மின்சாரத்துக்கு அதுவும் கிடையாது. ஜெனரேட்டர் சுற்றும் கணத்தில் உண்டாகும் மின்சாரம் அதே கணத்தில் எங்கோ ஒரு விளக்கிலோ மோட்டாரிலோ செலவாகிவிட வேண்டும். பேட்டரி அந்தக் காலத்திலேயே இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஈயத்தையும் அமிலத்தையும் கொண்ட பெரிய தொட்டிகளைச் சில மின்நிலையங்கள் அடுக்கியும் வைத்திருந்தன. ஆனால் ஒரு நகரத்து டிராமின் ஒரு நாள் தேவையைச் சேர்த்துவைக்கும் அளவுக்கு வாங்கினால் கம்பெனி திவாலாகியிருக்கும். ஆகவே காலை ஒன்பது மணிக்கு அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் ஆள் நிரம்பிக் கிளம்பும்போது எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ, அவ்வளவையும் அந்த நிமிடமே தரக்கூடிய கொதிகலனும் ஜெனரேட்டரும் வாங்கியாக வேண்டும். நின்ற வண்டியை நகர்த்தும்போதுதான் மோட்டார் மிக அதிக மின்சாரத்தை உறிஞ்சும் என்பதால் கூட்ட நேரத்துத் தேவை இன்னும் செங்குத்தாக எழும். மதியம் வண்டிகள் காலியாகப் போகும். அதற்காகக் கொதிகலனை அணைத்துவிட முடியாது. பெரிய ஹோட்டலின் விறகடுப்பை டிபன் நேரம் முடிந்ததும் அவிக்காமல் கங்கு போர்த்தி வைப்பதுபோல, மாலைக் கூட்டத்துக்காக நிலக்கரியைத் தின்றபடி அது சூடாகவே இருக்க வேண்டும்.

இந்தத் தொல்லைக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அதற்குச் சுமைக் காரணி என்று பெயர். சுமை என்பது ஒரு கணத்தில் மின்நிலையத்தின் மேல் விழும் தேவை. ஒரு வாரத்தின் சராசரிச் சுமை, அந்த வாரத்தின் உச்சச் சுமையில் எத்தனை பங்கு என்பதே சுமைக் காரணி. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: காலை ஒன்பது மணிக்கு நாற்பது வண்டிகள் தேவை, நாள் முழுவதற்கும் சராசரி எடுத்தால் பதினாறு வண்டிகள்தான். நாற்பதுக்குப் பதினாறு, நூற்றுக்கு நாற்பது. மீதி அறுபது பங்கு முதலீடு கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறது. கல்யாண மண்டபம் வைத்திருப்பவருக்கு இது புரியாமல் போகாது. முகூர்த்த நாளுக்கு ஐந்நூறு இலை போடும் கூடம், ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக் கிடக்கும் அதே கூடம். இந்தக் கருத்தை 1891 இல் மின் உற்பத்திச் செலவு பற்றிய ஆய்வுரையில் முன்வைத்துப் பரப்பியவர் ஆர். இ. பி. க்ராம்ப்டன். நம் வீட்டுக் கூரைகளில் சுழலும் மின்விசிறிகளில் உள்ள க்ராம்ப்டன் அவர்தான். ராணுவ அதிகாரியாக இந்தியாவில் இருந்தபோது சாலையில் ஓடும் நீராவி வண்டிகளைச் சோதித்துப் பார்த்தவர். பிரைட்டன் நகரில் ஆர்தர் ரைட் என்பவர் இன்னொரு படி போனார். எத்தனை யூனிட் செலவானது என்பதோடு, ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுத்தார்கள் என்பதையும் பதியும் மீட்டரை அவர் வடிவமைத்தார். 1894 இல் அதைப் பார்த்த சிக்காகோ மின்முதலாளி சாமுவேல் இன்சல் தன் தொழிலையே அந்தக் கணக்கின் மேல் கட்டினார். எந்த நேரத்தில் யாருக்குத் தேவையில்லையோ அந்த நேரத்துக்கு ஒரு வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பதே அவருடைய வித்தை.

டிராம் கம்பெனிக்கு அப்படிப்பட்ட நேரம் எது? ஞாயிற்றுக்கிழமை, அடுத்தபடியாகக் கோடைகால மாலைகள். தொழிற்சாலை மூடிக்கிடக்கும் நாளில் தண்டவாளம், கம்பி, கொதிகலன் எல்லாம் இருந்தும் ஏற ஆளில்லை. டிக்கெட்டைப் பாதி விலைக்குக் கொடுக்கலாம். ஆனால் துணிக்கடைக்கும் டிராமுக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. புடவையை ஆடியில் வாங்கிப் பீரோவில் வைத்து ஆவணிக் கல்யாணத்துக்குக் கட்டலாம். டிராம் பயணத்தை அப்படி வாங்கி வைக்க முடியாது. போக ஓர் இடம் இருந்தால்தான் பயணம். எனவே கம்பெனிகள் அந்த இடத்தையே உண்டாக்கின. பிட்ஸ்பர்க் அருகே மொனொங்கஹேலா டிராம் கம்பெனி தன் வழித்தடத்தில் இருந்த ஒரு தோப்பில் 1898 இல் கென்னிவுட் பூங்காவைத் தொடங்கியது. நியூ ஹாம்ப்ஷயரின் சேலம் என்ற சிற்றூரில் ஏரிக்கரையில் 1902 இல் கனோபி லேக் பூங்கா வந்தது. அதுவும் டிராம் கம்பெனியின் பிள்ளைதான். இரண்டும் இன்றுவரை நடக்கின்றன. கென்னிவுட்டில் 1920 இல் மரத்தால் கட்டிய ஜாக் ராபிட் என்ற ஏற்ற இறக்க ரயில் நூறு வயதைத் தாண்டி இன்றும் ஆள் ஏற்றிச் செல்கிறது. தோப்பை நூற்றுக்கணக்கான மின்விளக்குகளால் ஜோடித்தார்கள். வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் அந்த வெளிச்சமே ஒரு காட்சி. விளக்குக்கும் ராட்டினத்துக்கும் மின்சாரம் டிராம் கம்பியிலிருந்தே போகும். ஆக ஒரே கல்லில் மூன்று மாங்காய்: போகும் டிக்கெட், வரும் டிக்கெட், அங்கே செலவாகும் மின்சாரம்.

இந்த விளக்கம் சரியென்று எப்படித் தெரியும்? பூங்கா தொடங்கியவர்கள் ஊர்மக்கள் மகிழட்டும் என்று நினைத்திருக்கக் கூடாதா? மனத்தில் நினைத்ததை ஆவணத்தில் தேடுவதைவிட, செய்த காரியத்தின் வடிவத்தைப் பார்ப்பது நல்லது. பூங்காக்களில் பல டிராம் பாதையின் கோடியில் அமைந்தன, நடந்து போக முடியாத தொலைவில். மகிழ்ச்சி மட்டும் நோக்கமென்றால் ஊர் நடுவில் வைத்திருப்பார்கள். பலவற்றில் நுழைவுக் கட்டணமே இல்லை; காசு டிராமில் வாங்கியாகிவிட்டது. பல பூங்காக்களின் உடைமைப் பத்திரத்தில் டிராம் கம்பெனியின் பெயரே இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலான சான்று காலவரிசை. டிராம் பரவியபோது பூங்காக்கள் பரவின. கார் வந்து டிராம் சரிந்தபோது அவையும் கூட்டத்தோடு சரிந்தன. பரவலாகச் சொல்லப்படும் ஒரு கதையை மட்டும் கொஞ்சம் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும். மின்சாரக் கம்பெனிகள் டிராமுக்கு மாதம் இவ்வளவு என்று மொத்தத் தொகை வாங்கின, ஆகவே வார இறுதியிலும் மின்சாரத்தைத் தீர்த்துவிடப் பூங்கா கட்டினார்கள் என்பது அந்தக் கதை. மாதத் தொகை கட்டிய கம்பெனிகள் இருந்திருக்கலாம்; சொந்த மின்நிலையம் வைத்திருந்த டிராம் கம்பெனிகளும் ஏராளம். அவர்கள் யாருக்கும் மாதத் தொகை கட்டவில்லை, ஆனால் பூங்கா கட்டினார்கள். சொந்த அடுப்பானாலும் வாடகை அடுப்பானாலும் சும்மா எரியும் விறகு ஒன்றுதான் என்பதால் இரு தரப்புக்கும் ஒரே புத்தி தோன்றியது.

இனி மதராஸுக்கு வருவோம். 1921 இல் உச்சத்தில் இருந்தபோது 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. மவுண்ட் ரோடு, பாரிமுனை, பூந்தமல்லி நெடுஞ்சாலை, தெற்கே மயிலாப்பூர் என்று ஊரின் உயிர்நாடிகளை டிராம் தொட்டது. பாரிமுனை அலுவலகங்களும் துறைமுகமும் காலையில் ஆளை இழுத்து மாலையில் துப்பின. அதாவது அமெரிக்க ஊர்களின் அதே ஏற்ற இறக்கம். பிறகு ஏன் ஒரு பூங்கா எழவில்லை? முதலில் நினைவுக்கு வரும் பதில், இங்கே மக்கள் ஏழைகள், பொழுதுபோக்க டிராம் ஏறக் காசில்லை என்பது. ஆனால் அமெரிக்க டிராலி பூங்காவும் கூலித்தொழிலாளியை நம்பியே நடந்தது, கனவான்களை நம்பி அல்ல. சினிமா வந்தவுடன் தரை டிக்கெட் காசைத் திரட்டிக்கொண்டு போன அதே மதராஸ் ஜனங்கள் பொழுதுபோக்குக்குச் செலவழிக்க மாட்டார்கள் என்பது நம்பும்படி இல்லை. இன்னொரு பதில், இது மேற்கத்தியப் பழக்கம் என்பது. ஜப்பான் அதை மறுக்கிறது. ஒசாகா அருகே மினோ அரிமா மின்ரயில் கம்பெனி 1910 இல் தொடங்கியது. அதன் கோடியில் தகராசுகா என்ற சிற்றூர்தான் இருந்தது. நிர்வாகி கொபயாஷி இச்சிசோ 1911 இல் அங்கே வெந்நீர்க் குளியல் மாளிகை கட்டினார். அங்கே வரவேற்புப் பெறாத நீச்சல் குளத்தை மேடையாக்கி 1914 இல் பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவை அரங்கேற்றினார். அந்தக் குழு இன்றும் ஜப்பானில் கொடிகட்டிப் பறக்கிறது. ஆசியாவில், வெந்நீரும் பாட்டும் கலந்த முற்றிலும் உள்ளூர் ருசியில், அதே சுமைக் கணக்கு வேலை செய்திருக்கிறது.

கொஞ்சம் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மதராஸில் திருவிழாவுக்குப் பஞ்சமா? கபாலீஸ்வரர் கோயிலில் பங்குனியில் அறுபத்துமூவர் புறப்பாடு, திருவல்லிக்கேணியில் வைகுண்ட ஏகாதசி, சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்கில் டிசம்பர் மாதக் கண்காட்சி. தானாகக் கூட்டம் சேரும் ஊரில் கம்பெனி தனியாகப் பூங்கா கட்டிக் கூட்டம் சேர்க்க வேண்டியதில்லையே? கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சுமைக் காரணி என்ற கருத்து கைக்கு வந்தபின் இதில் உள்ள ஓட்டை தெரிகிறது. டிராம் கம்பெனிக்கு வேண்டியது கூட்டம் மட்டுமல்ல, பள்ளமான நேரத்தில் வரும் கூட்டம். அறுபத்துமூவருக்குத் திரளும் ஜனம் ஆண்டில் ஒரு நாள் வருவது. அந்த ஒரு நாளுக்காகக் கூடுதல் வண்டியும் கூடுதல் மின்சாரமும் தயாராக வைத்தால் உச்சச் சுமை இன்னும் உயரும், சராசரி அசையாது. சுமைக் காரணி குறைந்தே போகும். மலைக்கு மேல் இன்னொரு கோபுரம் கட்டினால் பள்ளத்தாக்கு நிரம்பாது. பூங்காவோ கோடை முழுவதும், வாராவாரம், சொல்லிவைத்தாற்போல் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தரும். நம் கோயில் நாட்காட்டி சந்திரனையும் நட்சத்திரத்தையும் பார்த்து நடப்பது. டிராம் கம்பெனியின் பள்ளம் ஏழு நாளுக்கு ஒருமுறை வருவது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

வாரம்தோறும் கூட்டம் தரும் இடங்களும் மதராஸில் இருந்தன, ஆனால் அவற்றின் சாவி வேறு கைகளில் இருந்தது. மெரினா நடைபாதையை 1884 இல் கவர்னர் கிராண்ட் டஃப் போட்டாகிவிட்டது. 1909 இல் அதே கரையில் அரசே மீன் காட்சியகம் திறந்தது. பீப்பிள்ஸ் பார்க்கில் மிருகக்காட்சி சாலை இருந்தது. 1980களில் வண்டலூருக்குப் போகும்வரை உயிர்க்காலேஜ் என்றால் சென்னைக்காரருக்கு அந்த இடம்தான். தோப்பு, ஏரி, விலங்குகள், டிராம் பாதை என ஓர் அமெரிக்க டிராலி பூங்காவின் அத்தனை அங்கங்களும் அங்கே ஒரே இடத்தில் கூடியிருந்தன. உடைமைப் பத்திரம் மட்டும் டிராம் கம்பெனியின் பெயரில் இல்லை. மவுண்ட் ரோட்டில் 1913 இல் வார்விக் மேஜர் என்பவர் கட்டிய கொட்டகைக்கு எலெக்ட்ரிக் தியேட்டர் என்றே பெயர். அந்தக் கட்டடம் இன்றும் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்தில் நிற்கிறது. அடுத்த ஆண்டு அருகிலேயே வெங்கையா என்பவரின் கெயிட்டி கொட்டகை வந்தது. அலுவலக நேரம் முடிந்த மாலையில், டிராம் பாதையின் மேலேயே, மின்சாரத்தையும் செலவழித்து ஆளையும் வரவழைத்தது சினிமாக் கொட்டகை. மதராஸின் டிராலி பூங்கா எதுவென்று கேட்டால் இவற்றைத்தான் காட்டுவேன். டிராமுக்கு அதில் டிக்கெட் காசு கிடைத்தது. பூங்காவின் லாபம் கிடைக்கவில்லை. மேலும் அடையாறும் தி.நகரும் டிராமின் எல்லைக்கு வெளியே வளர்ந்தன. 1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்த தி.நகர், 1931 இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயிலின் மாம்பலம் நிலையத்தை அண்டி நின்றது. ஊர் எந்தத் திசையில் நீண்டதோ அந்தத் திசையில் டிராம் நீளவில்லை. பாதையின் கோடியில் மலிவான நிலம் வாங்கிப் பூங்கா போடுவதற்கு முதலில் கோடி என்று ஒன்று வேண்டும்.

சரி, ஒரு பூங்கா இருந்திருந்தால் மதராஸ் டிராம் பிழைத்திருக்குமா? பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன். இந்த வாதத்தின் எல்லையை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பூங்கா வைத்திருந்த அமெரிக்க டிராம்களும் மடிந்தன. கென்னிவுட்டையே டிராம் கம்பெனி 1906 இல் வேறு கைகளுக்கு விட்டுவிட்டது. பூங்கா இருக்கிறது, பெற்ற டிராம் இல்லை. சுமைக் காரணி ஒரு கம்பெனியின் கைவசம் உள்ள முதலீட்டைச் சரியாகப் பயன்படுத்தச் சொல்லித்தரும். அந்த முதலீடே காலாவதியாகும்போது அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸுக்குத் தண்டவாளம் வேண்டாம், கம்பி வேண்டாம், கூட்டமில்லாத நேரத்தில் நிறுத்திவைத்தால் டீசலும் செலவாகாது. டிராமை வாட்டிய நோயே பஸ்ஸுக்குக் கிடையாது. மதராஸ் டிராம் கம்பெனி 1950 வாக்கில் நொடித்துப்போய் 1953 ஏப்ரல் 12 அன்று கடைசி வண்டியை நிறுத்தியது. அதற்குத் தொழிலாளர் ஊதியம் காரணமா, பஸ் காரணமா, நிர்வாகம் காரணமா என்று விவாதிக்கலாம். தண்டவாளமும் மின்நிலையமுமாகத் தரையில் புதைந்த பணம்தான் அடித்தளக் காரணம் என்பது என் தீர்ப்பு. மற்றவை அதன் மேல் விழுந்த அடிகள்.

தண்டவாளம் மீண்டும் வந்திருப்பதால் பழைய கணக்கும் கூடவே வந்திருக்கிறது. பறக்கும் ரயில் 1997 இல் திருமயிலை வரை வந்தபோது கட்டிய நிலையங்களின் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் சுமைக் காரணிக்கு விளக்கமே தேவையில்லை; ஆயிரம் பேருக்குக் கட்டிய கூடத்தில் மதியம் இரண்டு மணிக்குப் புறாக்கள் உலாத்தும். புறநகர் ரயில் ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி அட்டவணை வைத்து வண்டிகளைக் குறைக்கிறது. செலவு கொஞ்சம் மிச்சமாகும், முதலீடு தூங்கும். மெட்ரோ ரயில் ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் பாதிக் கட்டணம் என்று அறிவித்தது ஆடித் தள்ளுபடியின் நேர் வாரிசு. மின்சாரத்திலும் அப்படியே. 2024 கோடையில் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. இரவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது பற்றாக்குறை, நடுப்பகலில் சூரிய மின்சாரம் பொங்கும்போது அதை எங்கே செலவழிப்பது என்ற கவலை. பெரிய ஆலைகளிடம் உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவது ஆர்தர் ரைட்டின் மீட்டர் தொடங்கிவைத்த வழக்கம்தான். மின்சாரக் காரைப் பகலில் சார்ஜ் செய்யச் சொல்லிச் சலுகை கொடுப்பது புதுக் காலத்து டிராலி பூங்கா ஆகலாம். மெட்ரோவோ டிக்கெட்டைக் குறைப்பதோடு நின்றுவிட்டது. போக ஓர் இடம் உண்டாக்குவது என்ற தகராசுகா பாடம் இன்னும் பாக்கி. பூந்தமல்லியிலிருந்து பனகல் பார்க், திருமயிலை வழியாக 26 கிலோமீட்டர் வரும் புதிய வழித்தடம் மெரினா மணலுக்கு எதிரே கலங்கரை விளக்கத்தில் போய் முடிகிறது. அந்த மணலில் கையால் சுற்றும் குடை ராட்டினங்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கின்றன.